மணிக்கு அந்தப் பக்கம்

"பெத்த பிள்ள மேல பொறாமப்படுத பொம்பளைய நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் கோமதி.

நூர்ஜஹான் நிமிர்ந்து பார்த்தாள். "உக்காருங்கக்கா" என்றாள்.

சங்கரன்கோவிலில், மருந்துக் கடை மாடியில், கண்களுக்குப் பயிற்சி தரும் சின்ன இடம் அது. நூர்ஜஹானுக்குக் கோமதியைவிட வயது நன்றாகவே குறைவு. ஆனாலும் வருகிற பிள்ளைகளெல்லாம் டீச்சர் என்று கூப்பிட, கோமதிக்கும் அவள் டீச்சராகிவிட்டாள்.

அம்மாவுக்கும் மகள் மித்ராவுக்கும் ஒரே குறை. ஆளுக்கு ஒரு சோம்பேறிக் கண். திறந்திருக்கும், வேலை செய்யாது. பாரமெல்லாம் இன்னொரு கண்ணின் தலையில்.

பயிற்சிக்கு ஒரு கயிறுதான். ஒரு நுனி ஜன்னல் கம்பியில், மறு நுனி மூக்கின் மேல். நடுவே கோத்திருக்கும் சிவப்பு மணியை உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் விழித்திருந்தால் மணி ஒன்றாகத் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு கண் தூங்கினால் எல்லாமே ஒன்றுதான்.

மித்ராவுக்குச் சீக்கிரமே ஜன்னல் இரண்டாகிவிட்டது. கோமதிக்குத் தீபாவளி போய்ப் பொங்கல் வந்தும் அதே ஒற்றை ஜன்னல்.

கோமதி கொட்டித் தீர்த்தாள். மகள் இப்போது எறிகிற பந்தைப் பிடிக்கிறாளாம். ஊசியில் நூலைத் தடவாமல் கோக்கிறாளாம். பார்க்கிறவர்கள் மெச்சும்போது இவளுக்கு வயிறு எரிகிறதாம். நேற்றுச் சாப்பாட்டுத் தட்டை அந்தப் பிள்ளை முன்னால் நங்கென்று வைத்திருக்கிறாள். அது சாப்பிடாமலே எழுந்து போயிருக்கிறது.

"நான் பொறந்ததுல இருந்து இந்த ஒத்தக் கண்ண வச்சு அல்லாடுதேன். எனக்கு வர வேண்டியத அவ பிடுங்கிட்டுப் போயிட்ட மாதிரி இருக்கு. இன்னைக்கும் தெரியலன்னா இனிமே நான் வரல."

நூர்ஜஹான் எழுந்தாள். ஜன்னல் கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். வெளியே பெஞ்சில் இருந்த மித்ராவைக் கூப்பிட்டு, கயிற்றின் நுனியை அவள் கையில் கொடுத்து, கோமதிக்கு எதிரே நிறுத்தினாள்.

கோமதிக்குச் சுருக்கென்றது. நிறுத்துவதற்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?

"மணியப் பாருங்கக்கா."

பார்த்தாள். கண் மணியைத் தாண்டி மகளிடம் ஓடியது.

"மணி இங்க இருக்கு."

மறுபடியும் ஓடியது.

"அங்க என்ன பாக்கீங்க?"

"சிரிக்காளான்னு பாத்தேன்."

"எத்தன நாளா பாக்கீங்க?"

கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு மணியையே பார்த்தாள். அதில் ஒரு கீறல் இருந்தது. இத்தனை நாளும் அது கண்ணில் பட்டதில்லை.

அவள் கண் மணியிலேயே நிலைக்கும்வரை நூர்ஜஹான் காத்திருந்தாள்.

"கண்ண எடுக்காம சொல்லுங்க. அங்க எத்தன பேரு?"

கோமதியின் முகம் கறுத்தது.

"ஒருத்தியவே என்னால தாங்க முடியல டீச்சர். இப்ப ரெண்டு பேரு நிக்காங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"மணிய விட்டுறாதீங்க" என்றாள் நூர்ஜஹான். "சிரிக்காங்களா?"

"இல்ல" என்றாள் கோமதி. "ரெண்டு பேரும் கண்ணத் துடைக்காங்க."