நல்லக்காள் வாசல் ஆவாரை

மழை மறந்துபோன ஒரு சீமையை ராஜா ஒருவன் ஆண்டுவந்தான். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். அவனுக்குப் பூவென்றால் உயிர்.

"மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு முதல்நாள் தெருத்தெருவாக வருவேன். வாசலில் பூச்செடி இல்லாதவர்கள் ஊரைவிட்டே போகவேண்டும்" என்று தண்டோரா போட்டான். ஊரைச் சுற்றியிருந்த ஆவாரங்காடு அழகாயில்லை என்று வெட்டவும் சொல்லிவிட்டான். கிறுக்கு ராஜாதான், என்ன செய்ய!

எல்லோரும் தூரதேசத்துச் செடிகளை வாங்கி நட்டார்கள். உப்பு விற்கும் நல்லக்காளுக்கு அதற்கு வழியில்லை. இன்னும் வெட்டி முடியாத காட்டிலிருந்து ஓர் ஆவாரஞ்செடியைப் பிடுங்கிவந்து நட்டாள். ஆணிவேர் அறுந்ததால் அது செத்தது. பிறகு அதன் காய்ந்த நெற்றில் இருந்த விதைகளைக் கல்லில் தேய்த்து ஊன்றினாள். முளைத்த சந்தோஷத்தில் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினாள். கன்று அழுகிப்போனது.

"மூட்டையக் கட்டிருவோமா?" என்றான் புருஷன் மாடன்.

"காட்டுல அதுக்கு யாருய்யா தண்ணி ஊத்துனா? நம்ம செல்லந்தான் அதக் கொன்னுருச்சு" என்றாள் அவள்.

மிச்சமிருந்த ஒரே விதையை ஊன்றினாள். முளைத்து வேர்பிடித்ததும் குடத்தைத் தொடவில்லை. கை துறுதுறுத்தது, பாவம், பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் குளம் வற்றியது. தூரதேசத்துச் செடிகள் கருகின. அரண்மனைத் தோட்டமும் கருகியது. நல்லக்காள் வாசலில் மட்டும் ஆவாரை ஆளுயரத்துக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது.

பொங்கலுக்கு முதல்நாள் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவது அந்தச் சீமை வழக்கம். அரண்மனைக் காப்புக்குப் பூத் தேடி நாலு திசையிலும் ஓடிய சேவகர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். காட்டின் கடைசிப் புதரும் அந்த வருஷம்தான் வெட்டுப்பட்டிருந்தது! ராணி ராஜாவை முறைத்தாள். முறைப்பு வாங்கிய முகத்தோடுதான் அவன் தெருவுக்கு வந்தான், வந்தவன் ஆவாரை முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"தாயே, அரண்மனைக்கு ஒரு கொத்து..." என்று இழுத்தான்.

"தாரேன் மகராசா. ஆனா இந்த ஊருல ஒரு வீட்டுக்காரங்களும் வெளியேறக் கூடாது."

ராஜா அவளைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், சிரித்துவிட்டான்.

"நீதான் ஜெயித்தாய். யாரும் போகவேண்டாம்!"

அன்று வீட்டுக்கு ஒரு கொத்தாக அவள் ஒடித்துக் கொடுக்க, ஊர் முழுக்கக் கூரைகளில் மஞ்சள் சிரித்தது. நெற்றுகளைக் கேட்டு வாங்கிப்போன ராஜா, அரண்மனை வாசலில் தன் கையாலேயே விதைத்தான்.

தன் மண்ணுக்குரிய செடியை அதன் இயல்பறிந்து வளர்ப்பவர் வாசல், பஞ்சத்திலும் பூக்கும்.