சவுடேஸ்வரி கேட்ட ஊர்

கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது நம்மில் பலருக்கு உள்ள வியாதி. இந்தக் கதையில் வரும் வஞ்சிமுத்துவுக்கும் அது இருந்தது.

உடுமலைப்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய குரல் கேட்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு காரியம் தொடங்காது. மைக் இல்லாத நேரத்திலும் மனிதருக்கு வாய் ஓயாது. அவர் மனைவி சவுடேஸ்வரிக்கு மட்டும் அந்தக் குரல் கேட்காது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய காதைக் கொண்டுபோய்விட்டது. அவள் நன்றாகப் பேசுவாள். கணவனும் மகளும் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். மற்றவர்கள் பேசுவது பிடிபடாது.

கடை இருந்த இடம் நல்ல விலைக்குப் போனது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் வெண்ணிலா, "இனி அங்க என்னப்பா வேலை? எனக்குப் பக்கமா, கடலோரமா ஒரு ஊர்ல வந்து இருங்க" என்று இரண்டு ஊர்களைச் சொன்னாள். ஒன்று மலேசியாவின் பினாங்கு, மற்றது வியட்நாமின் வுங் தாவ்.

வஞ்சிமுத்து உடனே மனைவியின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டார். "இத்தன வருசம் எனக்காக இந்த ஊர்ல இருந்தே. இனி நீ சொல்ற ஊர்தான். குறுக்க ஒரு வார்த்த பேச மாட்டேன் புள்ள, சத்தியம்."

பெரிய சத்தியம்தான். ஆனால் அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. தெருவெல்லாம் தமிழ் கேட்கும் பினாங்கு இருக்கும்போது, காது கேளாத ஒருத்தி பாஷை தெரியாத ஊருக்கா போவேன் என்பாள்?

இரண்டு ஊர்களையும் பார்த்துவிட்டு வருவதென்று கிளம்பினார்கள். பினாங்கில் இறங்கிய அன்றைக்கே வஞ்சிமுத்துவைச் சுற்றி ஒரு கூட்டம். சாப்பாட்டுக் கடைக்காரர், "எந்த ஊருண்ணே?" என்று ஆரம்பித்தவர் எழுந்திருக்கவே விடவில்லை. "அக்காவுக்கு என்ன வேணும்?" என்பதையும் அவரிடமே கேட்டார். அக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். நடுவில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தபோது அவள் கணவனின் சட்டைக் கையை இழுத்தாள்.

"ஏனுங்க, என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள, சும்மா பேசிட்டிருந்தோம்."

அவள் தலையாட்டிவிட்டு இட்லியைப் பிட்டாள். காது போன நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்துவரும் பதில்தான் அது.

வுங் தாவில் நிலைமை தலைகீழ். அங்கே இவர்கள் பேச்சு அவர்களுக்கும் அவர்கள் பேச்சு இவர்களுக்கும் புரியாது என்பதால் எல்லோரும் கையையும் முகத்தையும் வைத்தே பேசினார்கள். பழக்காரி அவளைப் பார்த்துத்தான் விலையை விரலில் காட்டினாள். சவுடேஸ்வரி உதட்டைப் பிதுக்கினாள், நடந்தாள், திரும்பி வந்தாள், வாங்கினாள். விடியற்காலையில் கடலோரப் பூங்காவில் பெண்கள் வரிசையாக நின்று கையை வீசி ஆடிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்தவளை ஒருத்தி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். முன்னால் நிற்பவளைப் பார்த்து ஆட, காது எதற்கு? புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஆடினாள். ஆடி முடித்ததும் அந்தப் பெண்கள் கையைக் காட்டிக் காட்டி அவளோடு என்னவோ பேசிச் சிரித்தார்கள். வஞ்சிமுத்து அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஒரு எழவும் விளங்கவில்லை.

"என்ன புள்ள சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா பேசிட்டிருந்தோம்."

அவள் குத்திக்காட்டவில்லை. சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவருக்குத்தான் பினாங்கில் தான் சொன்ன பதில் ஞாபகத்துக்கு வந்தது.

சிங்கப்பூருக்குத் திரும்பியதும் மகள் முடிவைக் கேட்டாள். சவுடேஸ்வரி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பேச ஆளில்லாமல் வுங் தாவில் அவர் வாடி நின்றதை அவள் கவனிக்காமல் இல்லை.

"பினாங்குக்கே போயரலாமுங்க. அங்கதான் உங்களுக்குப் பொழுது போகும்."

வஞ்சிமுத்து வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தால் போதும். சத்தியமும் நிற்கும், பினாங்கும் கிடைக்கும். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

"வேண்டாம். வுங் தாவுக்குத்தான் போறோம்."

"நான் சொல்ற ஊருன்னு சத்தியம் பண்ணுனீங்களே?"

"பண்ணுனேன். அது பொய்யாப் போகட்டும்."

வெண்ணிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குச் சண்ட? பாதி வருசம் பினாங்குல, பாதி வருசம் வுங் தாவுல இருங்க. ரெண்டு பேருக்கும் நியாயம்" என்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தன் ஆசையை விழுங்கிக்கொண்ட மனைவி, சத்தியத்தை மீறிய கணவன், ஆளுக்குப் பாதி என்ற மகள், இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: கணவன் சொன்னதுதான் சரி. மனைவி விட்டுக்கொடுத்தது அன்பினால்தான், சந்தேகமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தே பழகியவளிடம் மறுபடியும் அதையே வாங்கிக்கொள்வது அழகல்ல. மகள் சொன்ன பாதிப் பாதி பார்வைக்கு நியாயம். ஒருவர் இத்தனை காலம் முழுதாக அனுபவித்திருக்க, அன்றுதான் இருவரும் பந்தியில் உட்கார்ந்தது போலப் பங்கு பிரித்தாள். வஞ்சிமுத்துவோ, சத்தியம் செய்தபோது எதையும் கொடுக்கவில்லை, அவள் பினாங்கைத்தான் கேட்பாள் என்ற தைரியத்தில் செய்தது அது. அதை மீறியபோதுதான் முதல்முறையாக அவளுக்கு ஒன்றைக் கொடுத்தார். வுங் தாவுக்கே குடிபோனார்கள். அங்கே தினமும் பூங்காவிலிருந்து திரும்பும் வழியில், யார் என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று அவள் ஒன்று விடாமல் அவருக்குச் சொல்கிறாள். வுங் தாவில் போய் வஞ்சிமுத்து என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் ஆடுகிற அம்மாவின் வீட்டுக்காரர் என்று கையால் காட்டுங்கள். வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள்.