முந்நூறு இலக்க வீட்டுப்பாடம்

திருச்சியில் ஒரு கல்லூரியின் காலி வகுப்பறையில் ஞாயிறு மதியங்களில் மெஹருன்னிசா எண்களைப் பற்றிப் பேசுவார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர்களில் ஒருவரான அருளப்பனுக்கு அறுபத்து நான்கு. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.

அருளப்பன் முதல் வகுப்புக்கே கால் மணி நேரம் தாமதமாக வந்தார். கரும்பலகை முழுக்க ஒரே ஒரு எண் இருந்தது. முந்நூறு இலக்கங்கள். 'இது பகு எண்' என்று ஆசிரியை சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்தது. அப்படியென்றால் இதை வேறு ஏதோ ஓர் எண் மீதியில்லாமல் வகுக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வீட்டுப்பாடம் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஆள் இல்லை அவர்.

வீட்டுப்பாடம் முடிக்காமல் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது? மூன்று வருடம் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு வந்தார். பையில் இருபது நோட்டுகள். பக்கத்துக்கு ஒரு வகுத்தல், மீதி மட்டும் சிவப்பு மையில்.

"வகுபடவே மாட்டேங்குது டீச்சர். எங்கயோ தப்பு விட்டுட்டேன்."

"தப்புன்னு எப்படிச் சொல்றீங்க, சார்?"

"எனக்கு மூளை தடுமாறுது. எங்க அப்பா இதே வயசுலதான் வீட்டுக்கு வழி மறந்தாரு. என் சம்சாரம் ஸ்டெல்லா நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா." மனைவியிடம்கூட இவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்.

மெஹருன்னிசா நோட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பக்கங்களைப் போனில் சரிபார்த்தார். பத்தும் சரி.

"அப்புறம் ஏன் வகுபடலை?"

மெஹருன்னிசா சாக்பீஸை எடுத்தார்.

"பதினேழை எடுத்துக்குங்க. பகா எண். அதுல ஒண்ணைக் கழிச்சா பதினாறு. பதினாறு ரெண்டை ஒண்ணோட ஒண்ணு பெருக்குங்க."

"அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்து முப்பத்தாறு."

"பதினேழால வகுத்தா?"

"மீதி ஒண்ணு."

"இந்தக் கணக்குல எந்தப் பகா எண்ணுக்கும் ஒண்ணுதான் மிஞ்சும், ரெண்டைத் தவிர. இப்போ பதினஞ்சு. பதினாலு ரெண்டு."

"பதினாறாயிரத்து முந்நூத்து எண்பத்து நாலு. பதினஞ்சால வகுத்தா மீதி நாலு."

"அப்போ பதினஞ்சு பகா எண்ணா?"

"இல்லை. ஒண்ணு வரலையே."

"மூணால வகுத்துப் பார்த்தீங்களா? அஞ்சால?"

"அதெல்லாம் எதுக்கு? ஒண்ணு வரலைன்னாலே..." அருளப்பன் அப்படியே நின்றார்.

"கம்ப்யூட்டர் அந்த முந்நூறு இலக்கத்துக்கும் இதைத்தான் செஞ்சுச்சு. ஒண்ணு வரலை. அதனால பகு எண்."

"அப்போ அது எதால வகுபடும்?"

"எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்கலை. அன்னைக்கு அதைச் சொல்லத்தான் பலகையில எழுதினேன்."

"வீட்டுப்பாடம் இல்லையா?"

"நான் வீட்டுப்பாடமே கொடுக்கிறதில்லை, சார்."

அருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கண் கலங்கியது, பிறகு சிரிப்பு வந்தது. மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பயம் போய்விட்டதில் அவருக்கு அப்போதே பசித்தது. ஆசிரியையின் டப்பாவிலிருந்து இரண்டு முறுக்கு எடுத்துத் தின்றார்.

கிளம்பும்போது வாசலில் திரும்பிக் கேட்டார்.

"நாளைக்கு அந்த டாக்டர் என்ன கேட்பாரு டீச்சர்?"

"ஞாபகம் சரியா இருக்கான்னு பார்க்க நூறுலேருந்து ஏழேழா கழிக்கச் சொல்வாரு."

"அவ்வளவுதானா?"

"அவர் போதும்னு சொன்னதும் நிறுத்திடுங்க, சார்."