விதைப்பு நாளில் ஒரு தும்மல்

தைவான் தீவின் தெற்கு மலையில் பைவான் பழங்குடியினர் வாழும் ஊர் ஒன்று. அங்கே தினை விதைக்கப் போகும்போது எல்லோருக்கும் முன்னால் நடப்பவள் எலெங். விதைக் கூடை அவள் முதுகில் இருக்கும்.

குய் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எலெங்கைவிட மூத்தவர். ஆனாலும் தினையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளிடம்தான் சீடராகச் சேர்ந்திருந்தார். அவர் அவளைக் குருவம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். அவளிடம் கற்றதையெல்லாம் அவர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த வருஷம் தலைமையாசிரியர் ஒன்று சொல்லிவிட்டார்.

"தினைப் பாடத்தைப் பார்க்க வெளியூர் ஆளுங்க வந்தா பாடம் இருக்கும். வரலேன்னா அந்த நேரத்துல கணக்கு நடத்துங்க."

குய் அலைந்து திரிந்து ஒரு வேன் நிறைய ஆட்களை வரவழைத்தார். பிள்ளைகளோடு சேர்ந்து வயலுக்கு நடப்பது, விதைப்பதைப் பார்ப்பது, பிறகு சாப்பாடு. அப்படித்தான் பேச்சு.

அன்று காலை மலையில் பனி இறங்கியிருந்தது. எலெங் முன்னால் போனாள். அவள் பின்னால் குய், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் விருந்தாளிகள். கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு பெரியவர் வழியில் இருந்த கல்லையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு கடைசியில் வந்தார். அவர் மனைவி நின்று நின்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

ஓடையைத் தாண்டியதும் வயல் தெரிந்தது.

அப்போது அந்தப் பெரியவர் தும்மினார். கொஞ்சநஞ்சத் தும்மல் இல்லை. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

விதைக்கப் போகும் வழியில் யாராவது தும்மினால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. போன வாரம்தான் குய் அதைப் பாடமாக நடத்தியிருந்தார்.

"நடங்க, நடங்க," என்றார் குய்.

ஒருத்தரும் நகரவில்லை.

"வாத்தியாரே, தும்மல்," என்றாள் செலெப் என்ற சிறுமி.

"அது இருமல்."

"இல்ல வாத்தியாரே. மூக்காலதான் வந்துச்சு."

குய் எலெங்கிடம் ஓடினார்.

"குருவம்மா, கேட்டுச்சா?"

"வயல்ல இருக்கிற எலிக்கே கேட்டிருக்கும்."

"அவர் வெளியூர்க்காரர். அவர் தும்மல் நமக்குச் சேருமா?"

"அவர் யார்கூட நடந்து வந்தார்?"

"நம்மகூடத்தான்."

"அப்ப சேரும்."

குய் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பிடி மட்டும் தூவிக் காட்டிட்டு வந்துடலாம். இவங்க சும்மா திரும்பிப் போனாங்கன்னா பாடமே போயிடும், குருவம்மா."

எலெங் கூடையைச் சரிசெய்துகொண்டு ஊர்ப் பக்கமாகத் திரும்பி நின்றாள். பிள்ளைகளும் விருந்தாளிகளிடம் தும்மல் வழக்கத்தைச் சொல்லிக்கொண்டே திரும்பினார்கள். கடைசியில் வந்த பெரியவர் இப்போது முதல் ஆள் ஆகிவிட்டார்.

"உங்களுக்கு வேற நேரமே கிடைக்கலையா?" என்று அவர் மனைவி ஆரம்பித்தாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான்."

"தும்மல் என்ன என்னைக் கேட்டுக்கிட்டா வருது?"

செலெப் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நடந்தாள்.

"உங்க மேல தப்பில்ல தாத்தா. முன்னோருங்க இன்னைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. உங்க மூக்கு வழியாச் சொன்னாங்க."

"என் மூக்கு வழியாவா?"

"ஆமா."

பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் கேமராவைத் தொடவில்லை.

ஊரில் அடுப்பு மூட்டினார்கள். தினையும் பன்றிக்கறியும் வைத்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு இலையில் சுருட்டி வேகவைத்ததை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். உள் இலையையும் சேர்த்துத் தின்னலாம் என்று பிள்ளைகள் தின்று காட்டினார்கள். இருந்தாலும் ஒரு இளைஞன் முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னான்:

"விதைக்கிறதைக் காட்டுறோம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

குய் அவன் கையில் இன்னொன்றை எடுத்து வைத்தார்.

வேன் கிளம்பும் நேரத்தில் பெரியவர் எலெங்கிடம் வந்தார்.

"மறுபடியும் எப்பம்மா விதைக்கப் போவீங்க?"

"நாளைக்கு. யாரும் தும்மாம இருந்தா."

"ராத்திரி தங்க இடம் இருக்குமா?"

"இருக்கு. கஷாயமும் இருக்கு."

"ரெண்டு டம்ளர் குடுங்க," என்றாள் அவர் மனைவி.

அவர்கள் இரண்டு பேரும் தங்கினார்கள். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வேன் மலை இறங்கியது.

குய் அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர் தங்கினாங்க, சரி. மத்தவங்க ஒண்ணும் பார்க்காமப் போறாங்களே, குருவம்மா. நாளைக்குத் தலைமையாசிரியர் கேட்டா என்ன சொல்வேன்? பிள்ளைங்க என்னத்தைப் படிச்சாங்கன்னு காட்டினேன்?"

எலெங் வேகவைத்ததில் மீந்த ஒரு தினைச் சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க நடங்கன்னு சொன்னீங்க. பிள்ளைங்க நடக்கல. அதை அத்தனை பேரும் பார்த்துட்டுத்தான் போறாங்க, அண்ணே."