செங்கமலம் என்ற கப்பல்

சோதனைச் சாவடியில் முப்பது வருடம் லாரிகளின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து ஓய்வு பெற்றவர் கோதண்டபாணி. பெற்ற மகள் மிட்டாய் கொடுத்தாலும் உறையைத் திருப்பிப் பார்ப்பார். அவருக்கு விண்வெளி வியாபார விளையாட்டைக் கற்றுக்கொடுத்த குரு யாழரசிக்கு இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் விளையாட்டு மையம் நடத்துகிறாள்.

அன்று மதியம் அவளுடைய மையத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, அவருடைய கப்பல் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே எரிபொருள் தீர்ந்து நின்றுவிட்டது. மனைவி செங்கமலத்தின் பெயரை வைத்து, எட்டு மாதம் மருந்தும் தானியமும் ஏற்றி இறக்கி வளர்த்த கப்பல். உள்ளே காற்று தீர்ந்தால் அதோடு சரி, எல்லாம் போய்விடும். உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார். வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்து ஆடும் ஒருவரின் கப்பல் வந்தது. வந்தது தூரத்திலேயே நின்றுவிட்டது.

"டீச்சர், இவன் கொள்ளைக்காரன்."

"எப்படி சார் சொல்றீங்க?"

"கிட்டவும் வரமாட்டேங்கறான், போகவும் மாட்டேங்கறான். ஓரமா நிறுத்திட்டு நோட்டம் பார்க்கிற வண்டியை எனக்குத் தெரியாதா? வரட்டும், தயாராத்தான் இருக்கேன்."

"காற்று எவ்வளவு இருக்கு?"

"ஆறு நிமிஷம். உதவி பண்ண வந்தவன் ஏன் நிக்கணும்? நீங்களே சொல்லுங்க."

யாழரசி குனிந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் காட்சி மாறியது. கறுத்த கப்பல் ஒன்று, நான்கு பீரங்கிகளையும் நீட்டிக்கொண்டு நின்றது.

கோதண்டபாணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பார்த்தீங்களா, கூட்டாளி! இவன் எப்போ வந்தான்? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, இவன்தான் தலைவன்."

"பக்கவாட்டுல பேர் எழுதியிருக்கு. படிங்க சார்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். செங்கமலம் என்று எழுதியிருந்தது.

எட்டு மாதமாக உள்ளே உட்கார்ந்தே ஓட்டியவர், ஒரு தடவைகூட வெளியிலிருந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. காற்று மூன்று நிமிடத்துக்குத்தான் மீதி இருந்தது.

பீரங்கிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார். நான்காவதில் மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அதையும் இழுத்தார்.

தூரத்துக் கப்பல் மெல்ல நகர்ந்து இவரை நோக்கி வந்தது.

"வர்றான் டீச்சர். நிஜமாவே கொள்ளைக்காரனா இருந்தா?"

"அவரும் அதைக் கேட்டுக்கிட்டேதான் வர்றார், சார்."