வரைபடத்தில் இருந்த மணல்

கடல் ஊரைத் தின்றுகொண்டிருந்த காலம். கரையைக் காக்கத் தாழை நடவேண்டும், அதற்கு நிதி வேண்டுமென்று கேட்டுப் போனாள் மீன் விற்கும் சவேரியம்மாள்.

அதிகாரி பழைய வரைபடத்தைத் தட்டினார். “இருநூறு மீட்டர் மணல் இருக்கே! அரிப்பே இல்லாத ஊருக்கு நிதி எதுக்கு?”

“சரி சார். அந்த மணல்ல ஒருக்கா கால் வச்சுப் பாத்துட்டு, அதையே எழுதிக் குடுத்துருங்க.”

மணலைப் பார்க்க வந்த அதிகாரியைப் படகில் ஏற்றினாள். வரைபடம் மணல் காட்டிய இடத்தில் படகோட்டியை நிறுத்தச் சொன்னாள்.

“இறங்குங்க சார், உங்க மணலு.”

அதிகாரி பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். “ஆழம் எவ்வளவும்மா?”

“இது எங்க அடுக்களை சார். கூரை முங்குற அளவு இருக்கும்.”

அவர் படகிலேயே கையெழுத்துப் போட்டார். பணம் வந்தது, தாழை வேர் பிடித்தது. மிச்சமிருந்த ஏழு வீடுகள் தப்பின. அவற்றில் ஒன்றில்தான் சவேரியம்மாள் வாடகைக்கு இருக்கிறாள்.