வானிலைப் பொண்ணோட கை

ரெஜினாதான் அந்த மீன்பிடித் துறைமுகத்துல டிவி மெக்கானிக். அவங்ககிட்ட வேலை கத்துக்க வந்த சில்வெஸ்டருக்கு அவங்களைவிட பத்து வயசு ஜாஸ்தி. மூட்டு போயி கடலுக்குப் போக முடியாதவர். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்"னுதான் கூப்பிடுவார்.

ஏலக்கூடத்துல ஒரு டிவி. ஏலம் நடக்குறப்போ அதோட சத்தத்தை அமுக்கி வச்சிரணும். அது அங்க வழக்கம்.

அன்னைக்கும் ஏலம் நடந்துட்டிருந்தப்போ சில்வெஸ்டரோட மகன் ஜெரின் வாசல்லயிருந்து கத்தினான்.

"அப்பா, வானிலை எப்படி? போலாமா?"

சில்வெஸ்டர் டிவியை ஒரு பார்வை பார்த்தார். வானிலை சொல்ற பொண்ணு சிரிச்சுகிட்டே மேப்பைக் காட்டிட்டு நின்னுச்சு. கடல் முழுக்க நீலம்.

"சுத்தமா இருக்கு மக்கா. போயிட்டு வா."

படகு போயிருச்சு.

பின்னாடியே மழை பிடிச்சுது. ரெஜினா தொப்பலா நனைஞ்சு வந்தாங்க.

"பாருங்க டீச்சர்! நீங்க பாடம் எடுத்தீங்கல்ல? முதல்ல வந்தது ஓட்டை போட்ட தட்டு சுத்துற டிவி. தட்டு கொஞ்சம் பிசகினாலும் மூஞ்சியே கிழிஞ்சிரும். அப்புறம் ட்யூப் டிவி. சிக்னல் குறைஞ்சா புள்ளி புள்ளியா கொட்டும், மூக்கு எது வாய் எதுன்னே தெரியாது. இது டிஜிட்டல்! இந்த மழையிலயும் கண்ணாடி மாதிரி!"

ரெஜினா டிவியையே பார்த்தாங்க.

"அந்தப் பொண்ணு எப்பலேருந்து கையைத் தூக்கிட்டே நிக்கிறா?"

சில்வெஸ்டர் திரும்பினார். அதே சிரிப்பு. அதே நீலம்.

"பையன் கேக்கும்போதும்..."

பாய்ஞ்சு போய், படகுகளோட பேசுற வயர்லெஸ் மைக்கை எடுத்தார். "ஜெரின்! ஜெரின், திரும்பு மக்கா!"

இரைச்சல்தான் வந்துச்சு. வெளிய காத்து கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடிச்சுது.

"ஒரு புள்ளிகூட வரலையே டீச்சர்! படம் கெட்டிருந்தா நான் போகச் சொல்லியிருப்பேனா?"

ரெஜினா டிவிக்குப் பின்னாடி போய், டிஷ்லேருந்து பாக்ஸுக்கு வர்ற வயரை உருவி அவர் கையில கொடுத்தாங்க.

வயரை உருவின பிறகும் அந்தப் பொண்ணு சிரிச்சுட்டேதான் இருந்துச்சு. சிக்னல் போனதும் பாக்ஸ் கடைசிப் படத்தையே பிடிச்சு வச்சிருந்துச்சு.

வயர்லெஸ் இரைஞ்சுகிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாம அதை அணைக்கக் கையை நீட்டினார் சில்வெஸ்டர்.

ரெஜினா அந்தக் கையைப் பிடிச்சுகிட்டாங்க.

"அது இருக்கட்டும்ணே. இங்க பொய் சொல்லாதது அது ஒண்ணுதான்."